கன்றின் குளம்படி தாங்கிய கருணை

கோவை மாநகருக்கு மேற்கே, காஞ்சிமாநதி என்று புராணங்கள் போற்றும் நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ளது பேரூர். பட்டீசுவரரும் பச்சைநாயகி அம்மையும் அருளாட்சி புரியும் இத்தலத்திற்கு வரும் அன்பர்கள் பிறவாப்புளியையும் இறவாப்பனையையும் கண்டு வியப்பர். கனகசபையின் சிற்பங்களில் நெடுநேரம் மனம் தோய்ந்து நிற்பர். கருவறையின் முன் நிற்கும்போது மட்டும், இறைவனின் திருமேனியில் உள்ள ஒரு வடுவைக் காட்டி, குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லும் வழக்கம் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அது ஒரு கன்றின் குளம்பு பட்ட தடம்.

படைப்புத் தொழில் புரியும் ஆற்றலை வேண்டிக் காமதேனு பூவுலகுக்கு வந்தது. புற்றின் உள்ளே இலிங்க வடிவில் மறைந்திருந்த பெருமான்மீது நாள்தோறும் பாலைச் சொரிந்து வழிபட்டது. தாயுடன் வந்த கன்றின் பெயர் பட்டி. தாய் தன் வழிபாட்டில் ஈடுபட்டிருந்த வேளையில், துள்ளி விளையாடிய கன்றின் கால் புற்றில் சிக்கிக்கொண்டது. கன்று காலை விடுவிக்க முயன்றதில் புற்று சிதைந்தது. உள்ளிருந்த திருமேனியில் குளம்படி பதிந்து குருதி பெருகியது. தாய்ப்பசு நடுங்கிப்போயிற்று. தான் வந்த காரியமும் கெட்டது, தன் பிள்ளையால் பெரும் பிழையும் நேர்ந்தது என்று கலங்கியது. பெருமானோ வெளிப்பட்டுக் காட்சி தந்தார். கன்றின் குளம்படியைத் தாம் மகிழ்ந்து ஏற்றதாகச் சொல்லி அத்தாயைத் தேற்றினார். தலத்தின் பெயரையே கன்றின் பெயரால் பட்டிபுரி எனவும், தம் பெயரைப் பட்டீசுவரர் எனவும் விளங்கச் செய்தார். காமதேனுவின் பயணம் அத்துடன் முடியவில்லை. பின்னர்க் கருவூர் ஆனிலையில் அது வேண்டிய வரம் கைகூடியது எனத் தலவரலாறு தொடர்கிறது.

இக்கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்றைய இல்லங்களின் நிலையோடு பொருத்திப் பார்த்தால் வேறொரு பொருளும் அதில் துலங்கும். ஒரு பெரும்பணியை மேற்கொண்ட தாய், கைக்கன்றையும் உடன் வைத்துக்கொண்டே அப்பணியைச் செய்கிறாள். கன்றால் இடையூறு நேர்கிறது. அதற்காகத் தாயை எவரும் பழிக்கவில்லை. பணியைக் கைவிட்டுத் திரும்பிப் போ என்று எவரும் சொல்லவில்லை. அந்த இடையூற்றின் வடுவை இறைவனே தம் உடலில் தாங்கிக்கொண்டான்.

பேறுகால விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் இளந்தாய் இன்று நம் இல்லங்களில் இருக்கிறாள். பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் மென்பொருள் எழுதுபவளாக, திருப்பூரின் பின்னலாடைக் கூடத்தில் தைப்பவளாக, பல்லடம் சாலை நூற்பாலையில் கதிர்களின் நடுவே நடப்பவளாக, ஊர்ப் பள்ளியின் ஆசிரியையாக, மருத்துவமனையின் செவிலியாக அவள் இருக்கிறாள். அவளுடைய கன்றின் குளம்படியை யார் தாங்குவது?

மரபு தந்த ஓய்வு

பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும் என்பதை நம் முன்னோர் எந்தச் சட்டத்தைப் பார்த்தும் அறிந்துகொள்ளவில்லை. கருவுற்ற மகளுக்கு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பிறந்த வீட்டார் பலவகைச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து விருந்திட்டு, அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது கொங்கு நாட்டின் கட்டுச்சோற்று விருந்து. அதன்பின் பேறும், பேற்றுக்குப் பிந்தைய மருந்தும் பத்தியமும், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அம்முச்சியின் பொறுப்பு. மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ நல்ல நாள் பார்த்துத் தாயையும் சேயையும் கணவன் வீட்டுக்கு அனுப்புவர். அதுவரையில் அப்பெண் தோட்டத்து வேலையிலும் அடுப்படியிலும் கை வைக்கக் கூடாது.

தீட்டு என்று சொல்லிப் பேறுற்றவளைத் தனித்து வைத்த வழக்கத்திலும், களைத்த உடலைக் காக்கும் கருத்து ஓரளவு பொதிந்திருந்தது. நாள் கணக்கு குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடினும், அந்நாட்களில் அவளிடம் எவரும் வேலை வாங்குவதில்லை என்பது பொது நெறி.

ஆனால், இந்த ஓய்வு ஒரு கணக்கின்மீது நின்றது. வயலும் வீடும் ஒரே இடத்தில் இருந்தன. ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பியவள் குழந்தையையும் உடன் கொண்டு திரும்பினாள். வரப்போரத்து மரக்கிளையில் தூளி தொங்கியது. பசித்தால் பாலூட்ட நான்கு அடி நடந்தால் போதும். பணியிடம் வீட்டைவிட்டு விலகியபோதுதான் அந்தக் கணக்கு மாறியது.

ஆலை வந்தது, சட்டமும் வந்தது

கோவையில் அந்த விலகல் 1888-இல் தொடங்கியது எனலாம். ஸ்டேன்ஸ் மில் என்று மக்கள் வழங்கிய நூற்பாலை அவ்வாண்டில் இங்கு நிறுவப்பட்டது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பின் ஆலைகள் பெருகின. பெண்களும் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து வேலைக்குப் போகலாயினர். சங்கு ஊதினால் குழந்தை அழுதாலும் உள்ளே போக வேண்டும். வராத நாளுக்குக் கூலி இல்லை.

இந்நிலையில்தான் சட்டம் குறுக்கிட்டது. 1929-இல் பம்பாய் மாகாணமும், 1934-இல் சென்னை மாகாணமும் ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்று நலச் சட்டங்களை இயற்றின. நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் வந்தது. இ.எஸ்.ஐ. என்று நாம் அழைக்கும் அத்திட்டம் தமிழகத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த ஊர் கோயம்புத்தூரே, ஆண்டு 1955. 1961-இல் நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலச் சட்டம் பிறந்தது. அதில் 12 வாரங்களாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு, 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரங்களாக உயர்ந்தது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்த 26 வாரங்களை ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2011-இல் ஆறு மாதங்களாகவும், 2016-இல் ஒன்பது மாதங்களாகவும் உயர்ந்த விடுப்பு, 2021 ஜூலை 1 முதல் ஓராண்டாக வழங்கப்படுகிறது.

இது கருணைக் கொடையன்று, உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் உறுதிப்படுத்தியது. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுக்கப்பட்ட பேறுகால விடுப்பை வழங்குமாறு ஆணையிட்ட அந்தத் தீர்ப்பு, மகப்பேற்று விடுப்பு பெண்ணின் மகப்பேற்று உரிமைகளின் இன்றியமையாத பகுதி என்று கூறியது.

நாள் பார்க்கும்போது வாரமும் பார்ப்போம்

நம் இல்லங்களில் கட்டுச்சோற்றுக்கு நாள் குறிப்போம். தொட்டிலிட நாள் குறிப்போம். குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தவும் நாள் குறிப்போம். அந்த நாட்காட்டியிலேயே 26 வாரங்களையும் எண்ணிக் குறித்தால் பின்னால் வரும் பல துயரங்கள் தவிரும்.

26 வாரங்கள் என்பது 182 நாட்கள். குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரு கணக்குகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. இந்த 26 வாரங்களில் அதிக அளவாக 8 வாரங்களைப் பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குறையும். எட்டு வாரங்களையும் முன்பே எடுத்துக்கொண்டவளுக்குப் பேற்றுக்குப் பின் கிடைப்பவை 18 வாரங்கள். அதாவது நான்கு மாதங்களுக்குச் சற்று மேல். இரண்டு வாரங்கள் மட்டும் முன்னால் எடுத்தவளுக்குப் பின்னால் 24 வாரங்கள், ஐந்தரை மாதம். ஏழாம் மாதம் கட்டுச்சோறு முடிந்ததுமே விடுப்பையும் தொடங்கிவிடுவது வழக்கமாயின், அதன் விலை குழந்தையின் ஐந்தாம், ஆறாம் மாதங்களில் தெரியவரும். உடல்நிலை இடங்கொடுத்து, மருத்துவரும் இசைந்தால், விருந்தை முறைப்படி நடத்திவிட்டு விடுப்பை மட்டும் தள்ளித் தொடங்கலாம். உடல் தளர்ந்தவளும் கடினப் பணி புரிபவளும் முன்னதாகவே ஓய்வு கொள்வதுதான் முறை. கருவுற்றதால் நேரும் நோய்க்கு, மருத்துவச் சான்றின்பேரில் ஒரு மாதம் வரை கூடுதல் விடுப்புக்கும் சட்டம் இடமளிக்கிறது.

அறிந்திருக்க வேண்டிய பிற விதிகளையும் சொல்லிவிடுவோம். பேற்று நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் அந்நிறுவனத்தில் பணியாற்றியிருந்தால் விடுப்புக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ளவருக்கு 12 வாரங்கள். கருச்சிதைவு நேர்ந்த பெண்ணுக்கு ஆறு வாரங்கள். இவ்விடுப்பு இருப்பதையே பலர் அறியார், துயரத்தை விழுங்கிக்கொண்டு மறுவாரமே வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு. விடுப்பில் இருக்கும் காலத்தில் பணியிலிருந்து நீக்குவது சட்டப்படி குற்றம். விடுப்புக்கான விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர்களுக்கு விடுப்புக்கால ஊதியத்தை அந்நிறுவனமே வழங்கும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இத்திட்டத்தின் வரம்பில் வருவர். இதற்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஏறத்தாழ ஓராண்டில், 70 நாட்களுக்குப் பங்களிப்புத் தொகை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவரும் இதற்கு விலக்கல்லர். எனவே, திருமணமாகி வேலைக்குச் செல்லும் பெண் தன் காப்பீட்டு எண்ணையும், தன் பெயரில் தொகை செலுத்தப்படுகிறதா என்பதையும் கருவுறுவதற்கு முன்பே கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை.

இவ்விரண்டிலும் அடங்காத, கூலி வேலை செய்யும் ஏழைத் தாய்மார்களுக்குத் தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் உண்டு. 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்ற முதல் பெண்மணியின் பெயர் தாங்கிய இத்திட்டத்தில், நிதியும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது. கருவுற்ற தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் தோட்டத்திலோ வீட்டிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு இதை எடுத்துச் சொல்வதும் ஒரு தர்மமே.

தாயுமானவர் செய்த பணி

விடுப்பு முடியும் நாளில் எழும் பெரிய வினா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது. பெரும்பாலான இல்லங்களில் இவ்வினா கடைசி வாரத்தில்தான் எழுகிறது. அப்போது எவரும் ஆயத்தமாக இருப்பதில்லை. ஆத்தாவுக்கு மூட்டுவலி, அம்முச்சிக்கு ஊரில் மாடு கன்று, கணவனுக்கு ஷிப்ட். ஆளுக்கொரு காரணம் சொல்லி முடிக்கையில், "வேலையை விட்டுவிடேன்" என்ற ஒரு சொல் கூடத்தில் வந்து விழுகிறது. எவரும் அதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஆயினும் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. ஆறேழு ஆண்டுகள் படித்தும் பயின்றும் அடைந்த பணி, ஒரு வார காலத்துக் குழப்பத்தில் கைநழுவிப் போகிறது.

வேலையை விட்டு இல்லத்தில் இருந்து குழந்தையை வளர்க்கத் தானே விரும்பித் தேர்ந்துகொள்ளும் தாய் போற்றத்தக்கவள்; அதில் குறை காண்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயின் அது அவள் எண்ணித் துணிந்த முடிவாக இருக்க வேண்டும். ஏற்பாடு செய்ய மறந்த ஒரு குடும்பம், தன் மறதியின் சுமையை அவள் ஒருத்தியின் தலையில் ஏற்றியதாக இருக்கலாகாது.

கருவூரைக் கடந்து செல்லும் காவிரி அடுத்து அடையும் பெருநகர் திருச்சிராப்பள்ளி. அங்கே மலைமேல் வீற்றிருக்கும் பெருமானின் பெயர் தாயுமானவர். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப்பெண் பேறுகாலம் நெருங்கித் தன் தாயை எதிர்நோக்கியிருந்தாள். தாய் வரும் வழியில் காவிரியில் வெள்ளம், கடக்க இயலவில்லை. அப்போது இறைவனே அத்தாயின் உருக்கொண்டு வந்து பேறு பார்த்தான். பிள்ளை பிறந்ததோடு மறைந்துவிடவில்லை. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும் வரை மகளையும் சேயையும் பேணி உடனிருந்தான். சுகப்பேறு வேண்டி அச்சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பிக்கும் வழக்கம் இன்றளவும் உள்ளது.

வாழைத்தார் சமர்ப்பிக்கும் நாம், பெருமான் செய்த வேலை இன்னது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து அரைத்தல், குழந்தையைக் குளிப்பாட்டல், துணி அலசல், இரவில் விழித்திருத்தல் ஆகியவையே பேறு பார்க்க வந்த தாயின் பணிகள். ஈசனே அவற்றைத் தன் தகுதிக்குக் குறைவெனக் கருதவில்லை. அவ்வாறிருக்க, தந்தையான ஆடவன் தன் பிள்ளையின் துணியை அலசுவது எப்படி இழுக்காகும்?

தந்தையின் விடுப்பு எப்போது?

மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாட்கள் விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதங்களுக்குள் அதைப் பயன்படுத்தலாம். தனியார் நிறுவனங்களில் பணியாற்றும் தந்தையர்க்கு இவ்வாறு விடுப்பளிக்குமாறு கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை. சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து அளிக்கின்றன. மற்றவர்கள் தங்கள் ஈட்டிய விடுப்பைத்தான் நம்ப வேண்டும்.

அந்த விடுப்பைக் குழந்தை பிறந்த வாரத்திலேயே முழுவதுமாகச் செலவிட்டுவிடுவது வழக்கம். அவ்வாரத்தில் தாய்வீட்டார் அனைவரும் சூழ இருப்பர். மருமகனுக்கு உபசாரம் செய்வதே அவர்களுக்கு ஒரு வேலையாகிவிடும். தந்தை இன்றியமையாதவனாக வேண்டிய காலம் மனைவி பணிக்குத் திரும்பும் முதல் இரு வாரங்கள். பேற்றின்போது சில நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை அந்நாட்களுக்கென ஒதுக்கி வைத்தால், குழந்தையின் பசியும் உறக்கமும் அழுகையும் அவனுக்குப் பழகும். தாயும் அலுவலகத்தில் நிம்மதியாக இருப்பாள். அதன்பின் பாட்டியிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, குழந்தையை அறிந்த இன்னொருவரும் வீட்டில் இருப்பார். மத்திய அரசு ஊழியர்கள் ஆறு மாத எல்லையை மட்டும் மறவாது கணக்கிட வேண்டும். பேற்றுக்கு முன்பே சில வாரங்களை எடுத்துக்கொண்ட மனைவி, அந்த எல்லைக்குள்ளேயே பணிக்குத் திரும்புவாள் என்பதால் இது கூடக்கூடியதே.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. தாய்வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்கு வருவதும், தாய் பணிக்குத் திரும்புவதும் ஒரே வாரத்தில் நிகழலாகாது. ஐந்து மாதம் அம்முச்சியின் மடியில் வளர்ந்த குழந்தை, புதிய வீட்டுக்கு வந்த மறுநாளே தாயையும் காணாவிட்டால் கலங்கிப்போகும். பணிக்குத் திரும்புவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்னரே, பகலில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவர்களிடம் குழந்தை பழகியிருக்க வேண்டும். நல்ல நாள் குறிக்கும் பெரியவர்கள் இதையும் கணக்கில் கொள்வார்களாக.

பாட்டியர்க்கும் ஓய்வு வேண்டும்

கொங்கு நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் வேலைக்குச் செல்வது ஆத்தாக்களும் அம்முச்சிகளும் தோள் கொடுப்பதால்தான். அந்தத் தோள்களும் களைக்கும். அறுபது வயதைக் கடந்தவர் ஒரு கைக்குழந்தையை நாள் முழுதும் தூக்கி வைத்திருப்பது எளிதன்று. அவர்களிடம் கேட்டு, இசைவு பெற்று, அவர்களது மருத்துவத்துக்கும் வார ஓய்வுக்கும் கோயிலுக்குச் சென்றுவரும் நேரத்துக்கும் இடம் வைத்து ஏற்பாடு செய்வதே முறை. மாலையில் வீடு திரும்பும் மகனும் மருமகளும் குழந்தையை வாங்கிக்கொள்ளும் நேரம் இன்னது என்று உறுதியாக இருந்தால், பெரியவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

பாட்டியர் துணை கிட்டாத குடும்பங்கள் பணியிடத்துக் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றிக் கேட்கலாம். 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனம் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்பதும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைப் பார்த்து வரலாம் என்பதும் 2017 திருத்தத்தின் விதிகள். குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை, வழக்கமான இடைவேளைகளோடு பாலூட்டுவதற்கென மேலும் இரண்டு இடைவேளைகள் உண்டு. பணியின் தன்மை இடங்கொடுக்குமாயின், விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்றுவது பற்றி நிறுவனத்துடன் பேசி முடிவு செய்துகொள்ளவும் சட்டம் வழிவிடுகிறது.

தொலைவில் பணிபுரிபவர் தாய்ப்பாலைப் பிழிந்து, நன்கு கழுவிக் கொதிநீரில் தூய்மை செய்த பாத்திரத்தில் மூடி வைத்துச் செல்லலாம். வெப்பம் மிகாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாட்களும் அது கெடாதிருக்கும். கோடையில் வெளியில் வைப்பதைத் தவிர்த்தல் நலம். புட்டியைவிட நம் பாட்டியர் கையாண்ட பாலாடையால் புகட்டுவது எளிது. அதைத் தூய்மை செய்வதும் எளிது. இதையும் பணிக்குத் திரும்புவதற்கு இரு வாரங்கள் முன்பே பழக்கத் தொடங்க வேண்டும். ஆறு மாதம் நிறைந்தபின் மசித்த சோறும் பருப்பும் காய்கனிகளும் மெல்லப் பழகும்; தாய்ப்பாலும் இரண்டு வயது வரை தொடரலாம்.

தாயின் மனத்துக்கும் ஒரு விளக்கு

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் முதல் நாள் பேருந்து ஏறும்போது தாயின் கண்கள் கலங்கும். குழந்தையை விட்டு வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு நெஞ்சை அறுக்கும். அந்நேரத்தில் உறவினர் கேட்கும் கேள்விகள் அவளை மேலும் துன்புறுத்துகின்றன. "பச்சப் புள்ளைய உட்டுட்டு வந்துட்டியா?" என்று விசேஷ வீட்டில் கேட்கும் ஒரு கேள்வி, பல இரவுகளின் உறக்கத்தைக் கெடுத்துவிடும். அதே கேள்வியைக் குழந்தையின் தந்தையிடம் எவரும் கேட்பதில்லை.

சில தாய்மார்க்கு வருத்தம் இதனினும் ஆழமாகும். குழந்தை உறங்கியபோதும் உறக்கம் வாராமை, எதிலும் விருப்பின்மை, காரணமற்ற அழுகை, குழந்தைக்கு ஏதோ நேர்ந்துவிடும் என்ற ஓயாத அச்சம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். திருநீறிட்டு மந்திரிப்பது மனத்துக்கு ஆறுதல் தரும். அத்தோடு நில்லாது மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

பணியிடத்தில் இருப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் வாசகர்களுள் ஆலை நடத்துவோரும், பட்டறை வைத்திருப்போரும், பள்ளி நிருவாகத்தில் இருப்போரும் பலர். கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கும் கைகள் அவை. தங்கள் கூடத்தில் கதவு மூடக்கூடிய ஒரு சிறு அறையைப் பாலூட்டும் தாய்மார்க்கென ஒதுக்கித் தருவதும் திருப்பணிக்கு ஈடான அறமே. தமிழகத்தின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015 முதல் அமைக்கப்பட்டு வருகின்றன; பேருந்து நிலையத்தில் இயன்றது பட்டறையிலும் இயலும். விடுப்பிலிருந்து திரும்பிய பெண்ணுக்கு முதல் மாதம் இரவு ஷிப்ட் தவிர்த்துப் பணி தருவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

பிராகாரத்தில் அமர்ந்து பேசுவோம்

குழந்தையை முதன்முதலாகக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் நாளில் குடும்பத்தார் அனைவரும் உடன் வருவர். தரிசனம் முடிந்ததும் பிராகாரத்தில் சற்று அமர்ந்துவிட்டே வீடு திரும்புவது நம் வழக்கம். அந்தச் சிறுபொழுதில் பெரியவர் ஒருவர் மூன்று செய்திகளைப் பேசித் தொடங்கி வைக்கலாம். தாய் பணிக்குத் திரும்ப விரும்புகிறாளா, எப்போது என்பது ஒன்று. அதை அவள் வாய்மொழியாகவே கேட்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பகலில் குழந்தை யாரிடம், இரவில் எழுபவர் யார் என்பது மற்றொன்று. அடுப்படி வேலையில் யார் எதை ஏற்பது என்பது மூன்றாவது. சந்நிதியின் அருகில் ஒப்புக்கொண்ட சொல்லை நம் மக்கள் எளிதில் மீறமாட்டார்கள்.

குலதெய்வத்துக்கு முடியிறக்க நேர்ந்துகொள்வோம். கிடாய் வெட்டவும் பொங்கல் வைக்கவும் நேர்ந்துகொள்வோம். இளந்தாய் ஒருத்தி பணிக்குத் திரும்பும் முதல் மாதத்தில் வீட்டின் ஒரு வேலையை நான் ஏற்பேன் என்று ஒவ்வொருவரும் நேர்ந்துகொள்வதும் நல்ல நேர்த்திக்கடனே. அதைச் செலுத்த உண்டியல் தேடிப் போக வேண்டியதில்லை.

பேரூருக்கு அடுத்த முறை செல்லும்போது, பட்டீசுவரர் திருமேனியின் குளம்படியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கன்று செய்த பிழையைப் பெருமான் பொறுத்ததைச் சொல்லுங்கள். தாய்ப்பசுவை அவர் கடிந்துகொள்ளவில்லை என்பதையும், அது தன் பணியைத் தொடர்ந்து வரம் பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பச்சைநாயகி உடனமர் பட்டீசுவரர், நம் இல்லங்களில் உள்ள எல்லாத் தாய்மார்க்கும் சேய்களுக்கும் நலம் அருள்வாராக.